பதில் வாங்காத சீட்டு

எட்டாம் வகுப்போடு ஊர் சுற்றக் கிளம்பியவன் நான். போன இடமொன்றில், மெஸ்ஸில் என்னோடு பாத்திரம் கழுவியவன் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன். ராஜபாளையத்தில் ஒரு மில்லில் அவன் போட்ட சுவிட்சில் கூட வேலை பார்த்தவனின் கை போய்விட்டது. அன்றே ஓடிவந்துவிட்டான்; இரண்டு வருடமாகிவிட்டது.

"உயிரோட இருக்கேன்னு எம் பொண்டாட்டிகிட்ட மட்டும் சொல்லு. இடத்தைச் சொல்லிராத" என்றான். போனும் பேசமாட்டான், எழுதியும் தரமாட்டான். அந்த இடத்தை இப்போதும் நான் எழுதப்போவதில்லை.

நான் ஸ்ரீவில்லிபுத்தூர் போனபோது, அவன் மனைவி மாமனார் வீட்டில் இருந்தபடி ராஜபாளையத்துக்குப் பேண்டேஜ் துணி மடிக்கப் போய்வந்தாள். அவனுக்குக் காரியம் செய்துவிடலாம் என்று வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. நான் சொன்னதை அவள் நம்பவில்லை.

"பாத்தேன்னு யாரு வேணாலும் சொல்லலாம்ணே. நான் இப்ப ஒண்ணு கேக்கேன், அவியகிட்ட கேட்டுட்டு வாங்க. கல்யாணத்தன்னைக்கு பஸ்ஸுல என்ன நடந்துச்சு?"

போய்க் கேட்டுத் திரும்பி வந்தேன். "பட்டுவேட்டியில வாந்தி எடுத்தீகளாம்."

"வேட்டி மட்டுமா, அவிய செருப்புலயுந்தான்" என்று சிரித்தாள். அன்று சாயங்காலம் பூ வாங்கி வைத்துக்கொண்டாள்.

அவனுடைய அண்ணன் அதைப் பார்த்துவிட்டான். "கேள்வியும் நீயே, பதிலும் நீயே! ஏட்டி, ஊர்சுத்திப் பயலைச் சேத்துக்கிட்டு யாருக்கு நாடகம் போடுத?"

அவன் கேட்டதிலும் நியாயம் இருந்தது. நானும் அவளும் கூடிப் பேசி வைத்திருந்தாலும் அதே கேள்வி பதில்தான் வந்திருக்கும். அந்தப் பதில் அவள் ஒருத்திக்கு மட்டுமே சாட்சி.

கடைசியில் வீட்டார் ஆளுக்கொரு கேள்வி எழுதினார்கள். சீட்டுகளைச் சொம்பில் போட்டுக் குலுக்கி, எதிர்வீட்டுக்காரர் ஒன்றை எடுத்தார். யாரும் தேர்ந்தெடுக்காத கேள்வி என்பதால் எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். ஆடி அமாவாசைக்குள் பதில் வராவிட்டால் காரியம். குலுக்கலில் வந்தது அண்ணன் எழுதிய சீட்டு: 'சின்ன வயசில் உன்னை எங்கே தள்ளிவிட்டேன்?'

"வெரசா வந்துருங்கண்ணே" என்று அவள் பஸ் ஏற்றிவிட்டாள்.

மெஸ்ஸில் அவன் இல்லை. நான் ஊருக்குப் போவதும் வருவதுமாக இருந்ததில் மிரண்டு கிளம்பிவிட்டான் என்றார் மாஸ்டர். தெரிந்த இடமெல்லாம் தேடினேன். அமாவாசை தாண்டியது. பதில் இல்லாமல் அவள் முன் போய் நிற்க எனக்குக் கால் வரவில்லை.

பிறகொரு நாள் செங்கோட்டை ரயிலில் கம்ப்யூட்டர் படித்த ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார்: ரகசியத்தைச் சொல்லாமலே அது தன்னிடம் இருப்பதை நிரூபிக்கும் கணக்கு உண்டாம். யாரும் தனியாகத் தேர்ந்தெடுக்காத ஓர் எண்ணை முதலிலேயே பொதுவில் வைத்துக்கொண்டால், கேள்வியும் பதிலுமாகத் திரும்பத் திரும்பப் போய்வரும் நடை மிச்சமாம்.

"அப்ப மொதல்லயே சீட்டுக் குலுக்கியிருக்கணும்" என்றேன். அவருக்குப் புரியவில்லை.

ஒரு தம்பியைத் தள்ளிவிட ஊரில் எத்தனை இடம் இருந்துவிடும்? கிணறு, கண்மாய், வாய்க்கால். ஏதோ ஒன்றைச் சொல்லி அது சரியாக இருந்திருந்தால் அவள் பூவோடு இருந்திருப்பாள். தப்பாகியிருந்தால், நான் முன்பு கொண்டுவந்த உண்மையும் பொய்யாகியிருக்கும்.

சீட்டு என் பையில் இருக்கிறது. ரயில் ஸ்ரீவில்லிபுத்தூரில் நிற்கும்போது, பிளாட்பாரம் இல்லாத பக்கத்து ஜன்னலுக்கு மாறி உட்கார்ந்துகொள்கிறேன்.