வைஸ் இங்கே

முப்பத்துநான்கு வருடம் தபால் அலுவலகத்தில் முத்திரை குத்தியவருக்கு வேறென்ன பட்டப்பெயர் வரும்? முத்திரை. கூட வேலை பார்த்தவர்கள் வைத்தார்கள், தெரு பிடித்துக்கொண்டது, கடைசியில் பெற்ற மகளே போனில் அந்தப் பெயரில்தான் அவர் எண்ணைச் சேமித்திருந்தாள்.

காலையில் போனதும் முத்திரைக் கட்டையில் தேதி மாற்றவேண்டும். இடவலம் மாறிக் கிடக்கும் குட்டி ஈய எழுத்துகளை இடுக்கியால் எடுத்துப் பொருத்தவேண்டும். அப்புறம் சாயங்காலம்வரை டப், டப், டப். எல்லாம் வலது கைதான். இடது கை வீட்டோடு மாப்பிள்ளை மாதிரி. கடிதத்தைப் பிடித்துக்கொள்வதோடு அதன் வேலை முடிந்தது.

ஓய்வு பெற்ற ஐந்தாம் வருடம் அந்த உழைப்பாளி வலது கை ஆட ஆரம்பித்தது. டீ குடித்தால் பாதியைச் சட்டை குடித்தது. காரை விற்றார். மனைவி போய்ச் சேர்ந்தபின் வீட்டில் துணைக்கு இருந்தது அக்கா ஒருத்திதான். அவளும் ஆறு வயது மூத்தவள். காலியான கார் ஷெட்டைப் பார்த்துப் பார்த்து அவருக்கு ஓர் ஆசை வந்தது. ஒரு தச்சு மேசை. ஒரே மேசை, நாலு வேலை. அடியில் சக்கரம், மிதித்தால் பூட்டிக்கொள்ளும். நடுவில் ஒரு பள்ளம், அதில் புதிதாக வாங்கிய வெட்டும் மெஷினை இறக்கினால் மேற்பலகையோடு மட்டமாக நிற்கும். பக்கத்தில் மடக்குப் பலகை. முன்னால் மரத்தை இறுக்கிப் பிடிக்க ஒரு வைஸ். நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடியும் இடம்தான் மேசையின் உயரம். அவருக்கு முப்பத்துமூன்று அங்குலம்.

மகள் போனில் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, உங்க கை ஆடுற ஆட்டத்துக்கு வெட்டுற மெஷின் ஒண்ணுதான் கேடு. சனிக்கிழமை வரேன். என் கண்ணு முன்னாடி ஒரு கோடு நேரா வெட்டிக் காட்டுங்க. முடியலன்னா மெஷின் என்கூட வந்துரும், ஷெட்டுக்குப் பூட்டு."

"வெட்டிக் காட்டுறேன்டி. பந்தயமா?"

"பந்தயம் இல்லப்பா. விரல்."

போனை வைத்தபின் முத்திரை தன் பத்து விரலையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். ஷெட்டும் போய்விட்டால் மிச்சம் இருப்பது நாற்காலியும் ஜன்னலும்தான். அது அவருக்குத் தெரியும்.

முதல் நாள் போட்ட படம் மண்புழு ஊர்ந்ததுபோல் வந்தது. வெறுத்துப்போய், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஷெட்டிலேயே நாற்காலியில் சாய்ந்துவிட்டார். பாதி இறக்கிய ஷட்டருக்குக் கீழே வெயில் ஒரு பட்டையாகக் கிடந்தது. எழுந்தபோது அது சுவரோரம் போயிருந்தது. மடியில் புதுத் தாள். அதே மேசை. ஆனால் கோடெல்லாம் நூல் பிடித்ததுபோல் நேர். ஒவ்வொரு துண்டுக்கும் அளவு. வைஸ் வரவேண்டிய இடத்தில் அம்புக்குறி போட்டு 'வைஸ் இங்கே' என்று எழுத்து.

'தூக்கக் கலக்கத்தில் நாமே போட்டிருப்போம்' என்று சந்தோஷப்பட்டார். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களா?

ஆனால் பென்சில் சூடாக இருந்தது. அதன் முனையில் கடித்த தடம். சின்னச் சின்னப் பல், வரிசையாக. முத்திரையின் பல்செட்டோ வீட்டுக்குள் டம்ளர் தண்ணீரில் கிடந்தது.

அதற்குப்பின் தினமும் மத்தியானம் இது நடந்தது. தூங்குவார், எழுவார், ஒரு தாள் இருக்கும். ஒருநாள் சக்கரம் பூட்டும் விதம். ஒருநாள் இழுப்பறை. ஷெட்டின் உட்தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தார். தாள் வந்தது. இதை யாரிடமும் கேட்பதற்குக் கூச்சப்பட்டுக்கொண்டு, படத்தில் உள்ளபடியே வெட்டிய மரத்தைக் கடையில் வாங்கி, திருகித் திருகி மேசையை எழுப்பிவிட்டார்.

வியாழக்கிழமை வைஸை மாட்டப் போனவர் அப்படியே நின்றார். துளைகள் வலது முனையில் இருந்தன. வலது கைக்காரன் மேசையில் வைஸ் இடது முனையில் இருக்கவேண்டும். இழைப்புளி அந்தப் பக்கம் பார்த்துத்தான் ஓடும். மடக்குப் பலகையும் மாறி நின்றது. இழுப்பறையும் மாறி நின்றது. மேசை முழுக்க வேறு யாருக்கோ செய்ததுபோல் இருந்தது.

"அக்கா! நான் தூங்குறப்போ ஷெட்டுக்குள்ள வந்தியா?"

"எனக்கு வேற சோலி இல்ல பாரு."

"இந்தப் படத்துல கை வச்சியா?"

அக்கா தாளை வாங்கினாள். தூரத்தில் வைத்தாள், கிட்டத்தில் வைத்தாள். "என்னடா எழுத்து இது? கோழி கிளறின மாதிரி."

"வைஸ் இங்கேன்னு தெளிவா எழுதியிருக்கு. கண்ணாடியப் போடு."

"போட்டுக்கிட்டுத்தான்டா பாக்குறேன்! ஒரு எழுத்தும் புரியல."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அக்கா உள்ளே போய் பீரோக் கண்ணாடிக்கு முன்னால் தாளைப் பிடித்தாள். கண்ணாடிக்குள் இருந்த தாளில் 'வைஸ் இங்கே' என்று ஒழுங்காக இருந்தது. வைஸும் இடது முனைக்குப் போயிருந்தது.

முப்பத்துநான்கு வருடம் இடவலம் மாறிய எழுத்தையே வாசித்த கண். அதற்கு இதுவும் நேர் எழுத்தாகத்தான் பட்டிருக்கிறது.

அக்கா கட்டிலில் உட்கார்ந்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

"இது உன் எழுத்துதான்டா. ஆறு வயசுல நீ இப்படித்தான் எழுதுவ. நொட்டாங்கைல. சிலேட்டுல எல்லாத்தையும் திருப்பித் திருப்பி."

"நானா? நான் வலது கையாச்சே."

"ஆக்கினது நான். அம்மா சொன்னாங்க, என் ரிப்பனால அந்தக் கைய இடுப்போட கட்டிட்டேன். பள்ளிக்கூடம் விட்டதும் கட்டுவேன், தூங்கப் போறப்போ அவிழ்ப்பேன். ஒரு வருஷம். முதல்ல அழுத. அப்புறம் அழல. அப்படி ஒரு கை இருக்குறதையே மறந்துட்ட." அவள் குரல் இறங்கியது. "செவ்வாய்க்கிழமை ஷட்டர் சந்துல பாத்தேன்டா. உன் கண்ணு திறந்திருந்தது, என்னப் பாக்கல. வலது கை மடியில செத்த மாதிரி கிடக்குது. இந்தக் கை மட்டும் வரையுது. நாக்க ஓரமா துருத்திக்கிட்டு, பென்சிலக் கடிச்சுக்கிட்டு... கூப்பிட பயமா இருந்தது. கூப்பிட்டா யாரு திரும்புவாங்களோன்னு."

முத்திரை தன் இடது கையைப் பார்த்தார். கட்டைவிரலில் பென்சில் கரி. அறுபது வருடம் பக்கத்திலேயே இருந்த ஒருவனை இப்போதுதான் யாரோ அறிமுகம் செய்துவைத்ததுபோல் இருந்தது.

வைஸை வலது முனையிலேயே மாட்டினார்.

சனிக்கிழமை மகள் வந்தாள். பலகையை மேசைமேல் போட்டு, கைகட்டி நின்றாள். "கோடு போடுங்க."

வலது கை பென்சிலைத் தொட்டதும் மீன்போல் துள்ளியது. மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு மெஷினின் வயரைச் சுருட்டக் குனிந்தாள். முத்திரை பென்சிலை இடது கைக்கு மாற்றினார். அவர் மாற்றினார் என்று சொல்வதைவிட, அது வாங்கிக்கொண்டது என்பதுதான் சரி. கோடு விழுந்தது. மெஷின் பாடியது. துண்டு விழுந்தது. மகள் மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். மட்டத்துக்கும் மரத்துக்கும் நடுவில் மயிரிழை வெளிச்சம்கூட இல்லை.

"அப்பா, எப்பலேர்ந்து இது?"

அக்கா முந்திக்கொண்டாள். "ஆரம்பத்துலேர்ந்தே. நாங்கதான் விடல."

மகள் மெஷினைப் பள்ளத்திலேயே விட்டாள். ஷெட்டுக்குப் பூட்டு வேண்டாம் என்றாள். ஒரே நிபந்தனை, மெஷின் ஓடும்போது அத்தை பக்கத்தில் இருக்கவேண்டும்.

ஞாயிறு மத்தியானம் முத்திரை தூங்கவில்லை. அப்படித்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். வெயில் பட்டை சுவரோரம் போயிருந்ததைப் பார்த்தபிறகுதான் மடியைப் பார்த்தார். புதுத் தாள். இன்னொரு மேசை. சின்னது. சக்கரம் இல்லை, பள்ளம் இல்லை. ஒரு வைஸ் மட்டும். கீழே ஒரு வரி.

அக்கா வாசலிலேயே நின்றாள். "என்னடா சொல்லுது?"

"அவனுக்கும் ஒண்ணு வேணுமாம்."

"உயரம்?"

"இருபது அங்குலம்."

அக்கா முழங்காலுக்குச் சற்று மேலே கையை வைத்து உயரம் பார்த்தாள். அந்த உயரத்தில் தொங்கிய ஆறு வயது மணிக்கட்டில்தான் அவள் ஒரு வருடம் முடிச்சுப் போட்டிருந்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"மெஷினப் போடு. நான் இருக்கேன்," என்றாள். "கால் நாலும் ஒரே அளவா வெட்டச் சொல்லு அவன்கிட்ட."