திரும்பி வர ஒரு வண்டி

சங்கரன்கோவிலுக்கு நான் வந்து சேர்ந்தபோது எனக்கு இருபத்தாறு வயது. சொந்த ஊர் ஆற்காடு பக்கம். திருவேங்கடம் போகும் வழியில் ஒரு கிராமத்து அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சராக முதல் நியமனம். அந்தக் கிராமத்தில் வாடகைக்கு வீடு கிடைக்கவில்லை. எங்கள் தலைமையாசிரியர்தான் டவுனில் ஒரு மாடி வீட்டைப் பேசி முடித்துக் கொடுத்தார். நாங்கள் போய்ப் பார்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. தெருவே அமைதியாக இருந்தது. இவ்வளவு நல்ல இடமா என்று அம்மாகூட ஆச்சரியப்பட்டாள்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குத்தான் விஷயம் புரிந்தது. கீழே வீட்டுக்காரருடைய ஆறு விசைத்தறிகள். எதிர் வீட்டில் நான்கு. பக்கத்து வீடுகளில் எத்தனை என்று எண்ண எனக்குத் தெம்பில்லை. தரை அதிர்ந்தது. அலமாரியில் அடுக்கி வைத்திருந்த டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசியபடி மெல்ல நகர்ந்து ஓரத்துக்கு வந்தன. அம்மா போன் செய்தால் முதலில் கேட்பது, "அங்க மழையா பேயுது?" என்றுதான். முதல் வாரம் முழுக்க, சாயங்காலம் பள்ளியிலிருந்து வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அழும் சத்தம் எனக்கே கேட்காது. அது ஒருவகையில் வசதியாக இருந்தது.

மாதத்தில் ஒரு நாள் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்துவார்கள். வந்த முதல் மாதம் அந்த நாள் பள்ளிக்கு விடுமுறை நாளாக அமைந்தது. தறிகள் எல்லாம் ஒரே நொடியில் நின்றன. ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து நான் படியிறங்கி ஓடி வந்தேன். தெருவில் பெண்கள் முடியை உதறிக் கட்டிக்கொண்டு, ஆற அமர உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர், எங்கள் வீட்டுக் கீழ்த்தறியில் சேலை நெய்பவர், பக்கத்து வீட்டுக்காரர், என்னைப் பார்த்துச் சிரித்தார். நாற்பதை ஒட்டிய வயது. காதோரம் பஞ்சு ஒட்டியிருந்தது.

"டீச்சர், இன்னைக்கு என்ன வெஞ்சனம் வச்சிருக்கீய?" என்றார்.

எனக்கு அந்தச் சொல் தெரியாது. வஞ்சனை என்பதுபோல் காதில் விழுந்தது. நான் யாரிடம் என்ன வைத்திருக்கிறேன் என்று திகைத்து நின்றேன். அவர் இரண்டு முறை கேட்டுவிட்டு, சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வைப்பதைத்தான் கேட்டதாக விளக்கினார். நான் ஒன்றும் வைக்கவில்லை, தயிர் சோறுதான் என்றேன். அரை மணி நேரத்தில் ஒரு கிண்ணத்தில் அவியல் மேலே வந்தது. அப்படித்தான் அந்த அக்கா எனக்குப் பழக்கமானார்.

அவருடைய கணவர் கேரளத்தில் ஒரு டீக்கடையில் மாஸ்டர். மாதம் ஒரு தடவை வருவார். மகள் தென்காசியில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். அக்காவுக்குத் தறிதான் நாள் முழுக்கத் துணை. இழை அறுந்தால் பார்ப்பதற்கு முன்பே சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவார். மூன்றாம் மாதம், மாடியில் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்த எனக்கே கீழே ஒரு தறியின் சத்தம் மாறியது தெரிந்தது. நான் எட்டிப் பார்ப்பதற்குள் அவர் அதை நிறுத்தியிருந்தார். என்னை நிமிர்ந்து பார்த்து, ஒனக்கும் கேட்டுருச்சா என்பதுபோல் தலையை ஆட்டினார். அன்றைக்குத்தான் அந்த ஊரில் எனக்கும் ஏதோ தெரியும் என்று முதன்முதலாகத் தோன்றியது.

பள்ளிக்குப் போகக் காலையில் ஒரே ஒரு டவுன் பஸ்தான் தோதானது. அதைத் தவறவிட்டால் முதல் பீரியட் போய்விடும். எங்கள் பள்ளியிலிருந்து மாறுதலாகிப் போன ஒரு டீச்சர், தன்னுடைய பழைய ஸ்கூட்டரை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். எனக்குச் சைக்கிள் மட்டும்தான் தெரியும். வண்டி வாசலில் நின்றது. அக்கா அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். கண்ணாடியைத் துடைத்தார். பிறகு, தனக்கும் சொல்லித் தர முடியுமா என்று கேட்டார். எனக்கே தெரியாதே அக்கா என்றேன். அப்படியானால் இரண்டு பேருமாகப் படிப்போம் என்று அவரே முடிவு செய்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தறி கிடையாது. காலையில் வண்டியை உருட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே ஒரு பொட்டல் வரை போவோம். போனில் பார்த்த வீடியோவை நான் சத்தமாகச் சொல்ல, அவர் கைப்பிடியைத் திருகுவார். நான் ஓட்டும்போது அவர் பின்னால் பிடித்துக்கொண்டே ஓடி வருவார். இரண்டாவது வாரம் நான் பயத்தில் முழுவதுமாகத் திருகிவிட்டேன். வண்டி ஒரு கருவேல மரத்தை நோக்கிப் பாய்ந்தது.

"ஏட்டி, பிரேக்கப் புடிட்டி" என்று அக்கா பின்னாலிருந்து கத்தினார்.

விழுந்ததில் முழங்கை உரிந்தது. அதைவிட எனக்கு, 'அடியே' என்பதுபோன்ற அந்த 'ஏட்டி'தான் எரிந்தது. எங்கள் ஊரில் வெளியாள் யாரும் என்னை அப்படி அழைத்ததில்லை. இரண்டு நாள் அவரிடம் பேசாமல் படியேறிப் போனேன். மூன்றாம் நாள் அவரே மறித்துக் கேட்டார். நான் காரணத்தைச் சொன்னதும் அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் வாடிப்போனது.

"டீச்சர்னு எல்லாருந்தான் சொல்லுதாவ. நம்ம வீட்டுப் புள்ளையத்தான் ஏட்டிம்போம். இனிமே சொல்லல" என்றார்.

சொல்லுங்கள் அக்கா என்றேன். அதன் பிறகு அவர் என்னை டீச்சர் என்று அழைத்தது, கோபமாக இருந்த நாட்களில் மட்டும்தான்.

லைசென்ஸ் வாங்கப் போன அன்று, எட்டுப் போடும் இடத்தில் நான் பாதியிலேயே காலை ஊன்றிவிட்டேன். அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, நூல் பிடித்ததுபோல் சுற்றி வந்தார். அவர் பாஸ், நான் பெயில். தெரு முழுக்க அதைச் சொல்லிச் சிரித்தார்கள். கணக்கு டீச்சருக்கு எட்டு வரவில்லையாம்.

அன்று சாயங்காலம் மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனபோது அவரும் வந்தார். வாசுதேவநல்லூர்ப் பக்கம் மலை நீலமாகத் தெரிந்தது. லைசென்ஸ் வந்ததும் முதலில் எங்கே போகப் போகிறீர்கள் என்று கேட்டேன். தங்கச்சி வீட்டுக்கு என்றார். தங்கச்சி இருப்பதே எனக்கு அதுவரை தெரியாது.

நான்கு வருடத்துக்கு முன்னால் அவர்களுடைய அம்மா, அக்காவின் வீட்டில் இறந்துபோயிருக்கிறார். கோடைக்காலம். தங்கச்சி குடும்பத்தோடு வெளியூரில் கரும்பு வெட்டப் போயிருந்தாள். அவள் வந்து சேர மறுநாள் ஆகும். அதுவரை உடலை வைத்திருக்க முடியாது என்று உறவுக்காரர்கள் சொல்ல, அக்கா சரி என்று சொல்லிவிட்டார். தங்கச்சி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அன்று வாசலில் நின்றபடியே திரும்பிப் போனவள், அதற்குப் பிறகு பேசவில்லை. திருவேங்கடத்தைத் தாண்டிக் கரிசல்காட்டுக்குள் ஒரு சின்ன ஊரில் இருக்கிறாள்.

பஸ்ஸிலேயே போயிருக்கலாமே அக்கா என்றேன்.

"பஸ்சுல போயி, வாசல்ல ஏறாதன்னு அவ சொல்லிட்டான்னா நான் எங்கன போவேன்? அடுத்த பஸ்சு ரெண்டு மணி நேரம் கழிச்சுத்தான் வரும். அந்த ஊரு பூராவும் பாக்க ஸ்டாப்புல நிக்கணும். வண்டின்னா அப்படியே திருப்பிக்கிட்டு வந்துருவேன்."

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். அக்கா ஓட்டினார், நான் பின்னால். மடியில் அல்வாப் பொட்டலமும் ஒரு சேலையும். அந்தச் சேலை அவர் கையால் நெய்தது. முதல் நாள் நல்ல மழை. தார் ரோடு வரை ஒன்றும் தெரியவில்லை. ஊருக்குப் பிரியும் மண்பாதையில் இறங்கிய கொஞ்ச தூரத்தில் சக்கரம் சுற்ற மறுத்தது. கரிசல் மண் மட்கார்டுக்குள் அப்பி இறுகிக்கொண்டிருந்தது. இறங்கித் தள்ளினோம். செருப்பு மண்ணிலேயே நின்றுவிட்டது, கால் மட்டும் வந்தது. இரண்டு பக்கமும் மக்காச்சோளம். அக்கா வண்டியையும் ஊரையும் மாறி மாறிப் பார்த்தார். இனி அதைத் திருப்பவும் முடியாது. நான் சிரித்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது. ஆனால் அவர் அல்வாவையும் சேலையையும் என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்.

வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, முழங்கால் வரை சேற்றோடு நடந்தோம். தங்கச்சி வாசலில் ஆட்டுக்குத் தின்ன வேப்பங்குழை கட்டிக்கொண்டிருந்தார். அக்காவின் அதே நெற்றி, அதே நடை. எங்களைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். பிறகு உள்ளே போய் ஒரு குடம் தண்ணீரைக் கொண்டு வந்து வைத்து, "காலக் கழுவு" என்றார்.

அக்கா குனிந்து காலைக் கழுவினார். கழுவிக்கொண்டே, நிமிராமல் பேசினார். "எல்லாரும் சொன்னாவதான். ஆனா சரின்னு சொன்னது நாந்தான். ஒரு நாள் ஒனக்காகப் பொறுத்திருக்கணும். தப்பு எம்மேலதான்."

தங்கச்சி தூணைப் பிடித்துக்கொண்டார். "கடசியா என்ன கேட்டா அம்மா?" என்றார்.

"ஒன்னயத்தான். நீ வந்துட்டியான்னு ரெண்டு தடவ கேட்டா. வந்துக்கிட்டிருக்கான்னு சொன்னேன்."

அதைக் கேட்டதும் தங்கச்சி உட்கார்ந்துவிட்டார். அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தார். நான் நகர்ந்து ஆட்டுப் பக்கம் போய் நின்றுகொண்டேன். இரண்டு பேருடைய அழுகையும் ஒரே மாதிரி இருந்தது.

மத்தியானம் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் போட்டார். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. அல்வாவை வாங்கிக்கொண்டார். சேலையைத் திண்ணையில் வைத்துவிட்டு, பிறகு பார்க்கிறேன் என்றார். வெயில் ஏறியதும் மூவரும் போய்க் குச்சியை வைத்து வண்டியிலிருந்த மண்ணைச் சுரண்டினோம். கிளம்பும்போது தங்கச்சி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மழைக்காலத்தில் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பாதையாக வரவேண்டும், அதில்தான் சரளை போட்டிருக்கிறார்கள் என்றார். தார் ரோடு வந்த பிறகுதான் அக்கா பேசினார். அடுத்த தடவை வர வழி சொல்லியிருக்கா, கவனிச்சியா என்றார்.

அடுத்த ஆடித்தபசுத் திருவிழாவுக்குத் தங்கச்சி குடும்பத்தோடு வந்தார். நெருக்கடியில் தங்கச்சி வீட்டுப் பிள்ளைகள் என் அறையில் படுத்துக்கொண்டார்கள். அவர் அந்தச் சேலையைக் கட்டியிருந்தார்.

நான்கு வருடம் அங்கே இருந்தேன். பிறகு சொந்த மாவட்டத்துக்கே மாறுதல் கிடைத்தது. கேட்டு வாங்கியதுதான். உத்தரவு கைக்கு வந்த அன்று சந்தோஷமாக இருந்ததா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஸ்கூட்டரை அக்காவிடமே விட்டுவிட்டு வந்தேன்.

போன அரையாண்டு விடுமுறைக்குச் சங்கரன்கோவில் போயிருந்தேன். அக்காவின் மகள் இப்போது மதுரையில் வேலை பார்க்கிறாள். ஊருக்குத் திரும்ப இரவு ரயில். அதற்கு முன் அக்கா, தங்கச்சி, நான் மூவரும் கோயிலுக்குப் போய்விட்டு, வெளியே மதில் ஓரமாக உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டோம். தங்கச்சி பருத்தி விலையைப் பற்றி ஏதோ சொன்னார். அக்கா குறுக்கே பேசினார். இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டார்கள், நான் நடுவில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று தெரிந்தும் யாருக்கும் எழுந்திருக்க மனம் வரவில்லை.