கைபேசியில் ஒரு கப்பல்

மண்டைக்காட்டில் பஸ்ஸுக்கு நிற்கிறேன். மரச்சீனிக் கிழங்குப் பையோடு பக்கத்தில் நிற்கும் பெண் கைபேசியைக் காட்டுகிறாள். கடல் வரைபடத்தில் ஒரு பச்சைப் புள்ளி நகர்கிறது. அவள் கணவன் வேலை செய்யும் எண்ணெய்க் கப்பல். போர் நடக்கும் அதே வழியில் முந்தாநாள் ஒரு சரக்குக் கப்பலை நீர்மூழ்கிக் கப்பல் தாக்கி உடைத்துவிட்டதாம்.

சட்டென்று புள்ளி மறைகிறது. நான் பதறிக் கேட்கிறேன்.

“ஐயோ, என்னாச்சுக்கா?”

அவள் முகத்தில் நிம்மதி. “ஒண்ணுமில்ல மக்கா, சிக்னல அணைச்சிட்டாவ. நமக்குத் தெரிஞ்சா அடிக்கவனுக்கும் தெரியுமில்லா? பதுங்கிப் போனாத்தான் உயிரோட வருவாவ.”

பஸ் வருகிறது. நான் படியில் கால் வைக்கும்போது அவள் கைபேசியில் புள்ளி மறுபடியும் எரிகிறது, அதே கடலில். அவள் ஏறவில்லை. “அணையுங்க, அணையுங்க” என்று முணுமுணுத்தபடி உள்ளங்கையால் திரையைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள்.