சர்வர் நின்றதும் என் மாப்பும்

எழுதிப் பழக்கமில்லை, மறதியும் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரகடத்தில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் குடோனில் கூட்டித் துடைக்கிறேன். எந்தப் பொருள் எந்த ரேக்கில் என்று தேடிக் காட்டும் சர்வர் அடிக்கடி நின்றுபோனது.

"இன்னா ஆயா, மாப்பு போடசொல்ல ஒயரை இழுத்துட்டியா? நாளையிலருந்து வராத" என்றார் சூப்பர்வைசர். நானே இழுத்திருப்பேனோ என்று பயந்து நின்றேன்.

சர்வரைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டெல்லா எழுந்தாள். "ஆயா இன்னா சார் பண்ணாங்க? ஒரே நேரத்துல இத்தனை ஃபைல்தான் திறக்கலாம்னு லிமிட் இருக்கு. அதை என் லாகினுக்கு மட்டும் ஏத்திட்டு, சர்வர் தானா ஓடுற சர்வீஸ் செட்டிங்ல ஏத்தாம விட்டுட்டேன். லிமிட்டைத் தாண்டினா நின்னுடுது. தப்பு என்னுது."

திருத்தினாள், அப்புறம் சர்வர் நிற்கவில்லை.

படித்தவர்கள் பழியை நம் தலையில்தான் கட்டுவார்கள் என்றிருந்தேன். "எதுக்கும்மா நீயே மாட்டிக்கின?" என்றேன்.

"இல்லாட்டி நீங்க மாட்டிக்கினு இருப்பீங்களே ஆயா."

லிமிட் பற்றி எழுதியது சரியா என்று தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள். அவள் எழுந்து நின்றது மட்டும் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.