அக்காவின் கையில் இருப்பது இன்ஹேலர்தான்

இந்த நினைவு மலரின் அட்டையில் அக்காவின் கையில் இருப்பது என்னவென்று சிலர் உற்றுப் பார்ப்பீர்கள். இன்ஹேலர்தான். "அத அழிச்சிட்டுப் போடுப்பா, நாலு பேரு பார்க்கிற புத்தகம்" என்று நெருங்கிய உறவினர்களே சொன்னார்கள். மாட்டேன் என்றுவிட்டேன். இருந்தவரை அதை மறைக்காத அக்காவுக்கு, போன பிறகு தம்பி நான் மறைத்துக் கொடுப்பதா?

அக்கா பிறந்தது திருவண்ணாமலையை ஒட்டிய அடி அண்ணாமலையில். சிறு வயதிலேயே ஆஸ்துமா. மணிலாக் கடலை உடைக்கும் நாட்களில் தூசி பட்டு மூச்சு இழுக்கும். "பொண்ணுக்கு இழுப்புனு வெளிய தெரிஞ்சா எவன் கட்டுவான்?" என்று, விருந்தாளி வந்தால் அம்மா அக்காவை உள்ளறைக்கு அனுப்பிவிடுவார். அக்கா அங்கிருந்து வேண்டுமென்றே உரக்க இருமுவார். படித்து டாக்டரானார். பெண் பார்க்க வந்தவர்கள் எதிரிலேயே இன்ஹேலரை எடுத்து இழுத்தார். எழுந்து போனவர்கள் போனார்கள். எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தவர்தான் எங்கள் மாமா.

தொண்ணூறுகளில் திருவண்ணாமலையில் கிளினிக் தொடங்கினார். இன்ஹேலர் எழுதிக் கொடுத்தும் நோயாளிகள் மூச்சிரைப்போடுதான் திரும்பி வந்தார்கள். டாக்டர் எழுதுவார், நர்ஸ் "அதெல்லாம் கடைசியில போடறதும்மா" என்பார், மருந்துக் கடைக்காரர் "பழகிடும், அப்புறம் உட முடியாது" என்பார். "நாமளே ஆளுக்கொரு பேச்சு பேசினா ஜனங்க யாரைத்தான் நம்புவாங்க?" என்று கொதித்தார் அக்கா. மூன்று தரப்பையும் ஒரே அறையில் உட்காரவைப்பது என்று முடிவெடுத்தார். மாதாமாதம் பௌர்ணமி கிரிவலக் கூட்டம் வடிந்த பிறகு வரும் ஞாயிறு, அவருடைய கிளினிக்கில். ஒரே நிபந்தனை: வருகிறவர், தாம் சரியாகக் கவனிக்காமல் விட்ட ஒரு நோயாளியைப் பற்றி எல்லோர் முன்பும் சொல்ல வேண்டும்.

முதல் கூட்டத்திலேயே ஊரின் மூத்த டாக்டர் ஒருவர் சத்தம் போட்டார். "நாங்க இன்னா ஸ்கூல் பசங்களா? கடைக்காரர் எதிர்ல என் தப்பைச் சொல்லணுமா?"

"நீங்க சொல்ல வேணாம் சார். நான் சொல்றேன், கேட்டுட்டுப் போங்க" என்றார் அக்கா.

கற்பூரக் கடையில் வேலை செய்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னார். இன்ஹேலரை அழுத்தியதும் அந்தப் பெண் மூச்சை வெளியே ஊதிக்கொண்டிருந்திருக்கிறார். அதை ஒருமுறைகூடப் பார்க்காமல், அக்கா மாதக்கணக்கில் மருந்தைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார். "கவனிச்சது கம்மி, மருந்துதான் ஜாஸ்தி" என்றார். பிறகு சரியான முறை இதுதான் என்று இழுத்துக் காட்டினார்.

மூத்த டாக்டர் விடவில்லை. "ஏம்மா, நீங்களே அழுத்தி முடிச்சப்புறம்தானே இழுக்கறீங்க? ரெண்டும் சேர்ந்து இல்ல நடக்கணும்?"

அக்காவின் முகம் சிவந்துவிட்டது. "கரெக்ட் சார். இப்ப நீங்க காட்டுங்க."

அவர் அழுத்தினார். மருந்தெல்லாம் புகையாக அவர் வாயிலிருந்தே வெளியே வந்தது. அறை முழுக்கச் சிரிப்பு. முதலில் முறைத்த அவரும் சிரித்துவிட்டார். அன்று ஒருவர் இழுக்க மற்றவர் திருத்தியதில் பொழுது போனதே தெரியவில்லை. பிறகு எல்லாக் கூட்டங்களுக்கும் முதல் ஆளாக அவர் வந்தார். மருந்துக் கடைகளில் "பழகிடும்" என்ற பேச்சு நின்று, "எங்க, இழுத்துக் காட்டுங்க" என்ற பேச்சு வந்தது.

சாவு வீட்டிலேயே "அந்த இன்ஹேலர்தான் ஆளைக் கொன்னுடுச்சு" என்று முணுமுணுத்தவர்களுக்கு இங்கே அச்சில் பதில் சொல்கிறேன். கொன்றது புற்றுநோய். இன்ஹேலர் அவரைக் கடைசிவரை மூச்சுவிட வைத்தது. படுக்கையில் இருந்தபோது, கூட்டத்தை நிறுத்திவிடலாமா என்று கேட்டவர்களிடம் "நான் செத்தா கூட்டம் எதுக்கு சாவணும்?" என்று சண்டை போட்டார். கூட்டம் இன்றும் நடக்கிறது.

அக்காவைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்ட மாமாவுக்கும், முறை வைத்து உடனிருந்த நர்ஸ்களுக்கும், தினமும் வந்து பார்த்த அந்த மூத்த டாக்டருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டிருக்கிறது.

முதலாண்டு நினைவு நாளில் அக்காவின் படத்துக்கு முன் சாம்பிராணி போட மாட்டோம். யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். வருகிறவர்களில் யாருக்காவது மூச்சு இழுத்தால் உள்ளறையைத் தேடாதீர்கள். கூடத்திலேயே, எல்லோர் எதிரிலும் இன்ஹேலரை எடுங்கள். தப்பாக இழுத்தால் திருத்துவதற்கு அக்கா ஆள் விட்டுப் போயிருக்கிறார்.