சிவப்பு நூல் கட்டிய மூன்று பப்பாளி

தொண்ணூற்றேழு கடைசியில் தொடங்கி, அடுத்த வருடம் முழுவதும் நடந்தது இது. அப்போது பிள்ளையார்பாளையத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியின் சத்துணவுக் கூடத்தில் நான் உதவியாளராக இருந்தேன். அரிசி கழுவுவது, காய் நறுக்குவது, பாத்திரம் துலக்குவது என் வேலை. எட்டாவது வரைதான் படித்திருக்கிறேன்.

எனக்குக் கூச்சம் அதிகம். நாலு பேர் நிற்கிற இடத்தில் வாயே திறக்க மாட்டேன். தலைமை ஆசிரியர் எதிரே வந்தால் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழி விடுவேன். அவரிடம் ஏதாவது கேட்க வேண்டும் என்றால் எங்கள் சமையல்காரம்மாவைத்தான் கேட்கச் சொல்வேன். அவரை நான் அக்கா என்று கூப்பிடுவேன். "நான் ஒருத்தி இல்லேன்னா, பசிக்குதுன்னுகூட சொல்லாம செத்துப்பூடுவடி நீ" என்பார் அக்கா. அது கிட்டத்தட்ட உண்மைதான்.

என் வீட்டுக்காரர் தறி நெய்கிறவர். ஜரிகை வாங்கி வர நான்தான் கடைக்குப் போவேன். அந்தக் கடைக்கார பாய்க்குச் செடி கொடி என்றால் உயிர். ஒருநாள் அவர் தம்பி பெங்களூரிலிருந்து வாங்கி வந்த விதைப் பாக்கெட் ஒன்று மேசை மேல் கிடந்தது. அதன் மேல் ஒரு படம். இடுப்பு உயரம் வந்ததும் காய்க்கத் தொடங்கிய பப்பாளி, தரையைத் தொடுகிற மாதிரி பழங்கள். நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பாய் கவனித்துவிட்டார்.

"எடுத்துக்கினு போம்மா. எங்க ஊட்ல பின்னாடி பூரா சிமெண்டு போட்டாச்சு, எனக்கு எதுக்கு? குட்டை ரகம். இதுல ஆண் மரமே வராதாம். போட்டது எல்லாம் காய்க்கும்னு எழுதியிருக்கான்" என்றார்.

பப்பாளி வளர்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய பேச்சு என்று புரியும். எங்கள் பக்கத்தில் ஒரு குழிக்கு மூன்று நான்கு விதை போடுவார்கள். பூ வருகிற வரைக்கும் எது ஆண், எது பெண் என்று யாருக்கும் தெரியாது. பூத்த பிறகு ஆண் என்று தெரிந்தவற்றைத் தோட்டத்துக்கு ஒன்று விட்டுவிட்டு, மற்றதை வெட்டிப் போடுவார்கள். ஐந்து மாதம் தண்ணீர் ஊற்றியதெல்லாம் வீண். போட்டதெல்லாம் காய்க்கிற விதை என்றால் எனக்கே நம்ப முடியவில்லை.

எங்கள் வீட்டில் மண் தரையே கிடையாது. ஆனால் சத்துணவுக் கூடத்துக்கும் மதில் சுவருக்கும் நடுவே, அரிசி கழுவிய தண்ணீர் ஓடுகிற நீளமான இடம் ஒன்று சும்மா கிடந்தது. எங்கள் பிள்ளைகளுக்குத் தினமும் சோறும் சாம்பாரும்தான். முட்டை போடுகிற நாளில் தட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொள்வார்கள். அந்தத் தட்டில் ஒரு துண்டுப் பழம் வைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை வந்துவிட்டது.

வழக்கம் போல அக்காதான் போய்க் கேட்டார். தலைமை ஆசிரியர் நேரிலேயே வந்து இடத்தைப் பார்த்தார். அவர் திருப்புட்குழிக்காரர். அங்கே அவருக்குத் தென்னை, மா, பப்பாளி எல்லாம் வைத்த தோட்டம் உண்டு. மரம் என்று வந்துவிட்டால் பள்ளியில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை.

"ஆண் மரமே வராத பப்பாளியா? உன்ன நல்லா ஏமாத்தி இருக்கான்மா" என்று சிரித்தார். "சரி, போட்டுப் பாரு. ஆனா ஆண் வந்துதுன்னா வெட்டிட்டு அந்த எடத்துல சைக்கிள் ஸ்டாண்டு போட்ருவேன். வாத்தியாருங்க சைக்கிள் எல்லாம் வெயில்ல காயுது."

எல்லாம் காய்க்கும் என்று நான் அக்காவின் காதோடு சொன்னேன். அக்கா அதை அப்படியே சொல்லியிருக்கக் கூடாதா? "எல்லாம் காய்க்குமாம் சார்! வேணும்னா எழுதித் தராளாம்!" என்று கூடமே அதிரச் சொல்லிவிட்டார். எழுதித் தருகிறேன் என்று நான் எங்கே சொன்னேன்? ஆனால் அன்று மத்தியானத்துக்குள் பள்ளிக்கூடம் முழுக்கப் பரவிவிட்டது. வாயே திறக்காத நான் பெரிய ஐயாவிடம் பந்தயம் கட்டியிருக்கிறேன் என்று வாத்தியார்கள் எல்லாம் பேசிக்கொண்டார்கள்.

கார்த்திகையில் பால் கவர்களில் மண் நிரப்பி விதை போட்டேன். பத்தில் ஏழு முளைத்தன. இரண்டு அழுகிப்போக, ஐந்து நின்றன. தை பிறந்ததும் தண்ணீர் தேங்காதபடி மண்ணை மேடாக்கி, அந்த ஐந்தையும் வரிசையாக நட்டேன். கழுநீரோடு, வடித்த கஞ்சியையும் சூடு ஆறின பிறகு ஊற்றுவேன். கோடை விடுமுறையில் பள்ளி மூடியிருந்தபோதும் காவல்காரரைக் கதவைத் திறக்கச் சொல்லித் தினமும் போய்த் தண்ணீர் விட்டேன். படத்தில் பார்த்த மாதிரியே இடுப்பு உயரத்தில் மொட்டுக் கட்டியது. அன்றைக்கு எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஆனால் பூ விரிந்த பிறகு கவலை பிடித்துக்கொண்டது. கூடத்தை ஒட்டியிருந்த இரண்டு மரங்களில் பூ அடி பருத்துக் குண்டாக இருந்தது. அது பெண் பூ, எல்லாருக்கும் தெரியும். மற்ற மூன்றில் பூ மெலிந்து நீளமாக இருந்தது. தொட்டால் விரலில் மஞ்சள் தூள் ஒட்டியது. வைகாசி வெயிலில் குண்டுப் பூ எல்லாம் பிஞ்சானது. மெலிந்த பூ அத்தனையும் உதிர்ந்தது. தினமும் காலையில் போய் யாரும் பார்ப்பதற்கு முன் அந்தப் பூக்களைப் பொறுக்கி மதிலுக்கு வெளியே போடுவேன்.

பள்ளி திறந்தது. தலைமை ஆசிரியர் நேராக அங்கேதான் வந்தார். ஒவ்வொரு மரமாகப் பார்த்தார். கூடத்து ஜன்னல் கம்பியில் எப்போதும் கழிவுப் பட்டு நூல் தொங்கும். மூட்டை வாய் கட்ட, பொட்டலம் கட்ட எங்களுக்கு அதுதான். அதில் சிவப்பாக மூன்று இழை உருவி, மூன்று மரத்திலும் ஒவ்வொரு முடிச்சுப் போட்டார்.

"இது மூணும் ஆண். நான்தான் அப்பவே சொன்னனே! அந்த ரெண்டு இருந்துட்டுப் போவட்டும். இத நாளைக்குள்ள எடுத்துடச் சொல்லு" என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனார். என்னிடம் சொல்லவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன்.

மத்தியானம் பிள்ளைகள் சாப்பிட்டுப் போனதும் கத்தியை எடுத்தேன். கடைசியில் நின்ற மரத்தை முதலில் வெட்டினேன். முள்ளங்கி நறுக்குகிற மாதிரி இரண்டே வீச்சில் சாய்ந்துவிட்டது. பால் வழிந்தது. ஏழு மாதமாக வளர்த்தது. "எழவு ஊட்ல நிக்கிற மாதிரி நிக்காதடி, இன்னும் ரெண்டு இருக்குது" என்றார் அக்கா.

சாய்ந்த மரத்தின் உச்சியில் புதிதாகப் பூத்த பூ ஒன்று இருந்தது. ஏன் செய்தேன் என்று தெரியவில்லை, அதைப் பறித்துக் கட்டை விரல் நகத்தால் நீளவாக்கில் கீறிப் பிரித்தேன். உள்ளே சுற்றிலும் மஞ்சள் தூள். நடுவில் ஒரு பச்சைக் காய். அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். ஆனால் காய். இன்னொரு பூவைக் கீறினேன். அதிலும் இருந்தது. கத்தியைக் கழுவி வைத்துவிட்டேன்.

ஆண் பூவுக்குள் காய் இருக்குமா? இருக்காது என்றுதான் தோன்றியது. ஆனால் நான் ஆண் பூவைப் பிரித்துப் பார்த்ததில்லையே. யாரைக் கேட்பது? கேட்டால் பெரிய ஐயா சொன்னதைத்தான் எல்லாரும் சொல்வார்கள். அப்போது திருப்பருத்திக்குன்றத்தில் ஒரு ஜைனர் வீட்டு வாசலில் பெரிய ஆண் பப்பாளி நிற்பது நினைவுக்கு வந்தது. சரம் சரமாகப் பூ தொங்கும், ஒரு காய் காய்க்காது. சாயங்காலம் வேலை முடிந்ததும் அங்கே நடந்தே போனேன். வாசலில் ஒரு அம்மா நின்றுகொண்டிருந்தார். எப்படிக் கேட்பது என்று தெரியாமல் அந்த வீட்டை இரண்டு முறை தாண்டிப் போய்த் திரும்பினேன். மூன்றாவது முறை அவரே கூப்பிட்டுவிட்டார்.

"யாரத் தேடுறம்மா?"

"மரத்தத்தான். ரெண்டு பூ வேணும்."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "காயக் கேட்டு வருவாங்க, எலையக் கேட்டு வருவாங்க. இந்தத் தண்டத்துக் கிட்ட பூவக் கேட்டு வந்தவ நீ ஒருத்திதான்! எவ்ளோ வேணுமோ பறிச்சிக்கினு போ. எல்லாரும் வெட்டு வெட்டுன்றாங்க. அது பாட்டுக்கு நிக்குது, நமக்கு இன்னா பண்ணுச்சு?"

அங்கேயே ஒரு பூவைக் கீறினேன். உள்ளே மெல்லிய நரம்பு மாதிரி ஒன்று. காய் இல்லை. ஐந்தாறு பூக்களைக் கீறிவிட்டேன். ஒன்றிலும் இல்லை. அந்த அம்மா சிரிப்பை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். மிச்சப் பூக்களை முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன். வருகிற வழியெல்லாம் வெட்டிய மரம்தான் கண்ணில் நின்றது. அது ஆண் மரமே இல்லை. நான் பார்க்காமல் வெட்டிவிட்டேன்.

மறுநாள் எல்லாருக்கும் முன்பே போய், மிச்சமிருந்த இரண்டு மரத்திலும் இருந்த நூலை அவிழ்த்துவிட்டேன். பிறகு ஒரு சத்துணவுத் தட்டைத் துடைத்து, ஒரு பக்கம் ஆண் மரத்துப் பூ, ஒரு பக்கம் எங்கள் மரத்துப் பூ, எல்லாவற்றையும் பிரித்து வரிசையாக வைத்தேன். மணி அடிப்பதற்கு முன்பே தலைமை ஆசிரியர் வந்துவிட்டார்.

"நூல யாரு அவுத்தது?"

அக்கா என்னைப் பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன்.

"நான்தான் சார்."

அந்தப் பள்ளியில் சேர்ந்து ஆறு வருடத்தில் அவரிடம் நேராக நான் சொன்ன முதல் வார்த்தை அது. தட்டை நீட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, தட்டை வாங்கி வெளிச்சத்துக்குக் கொண்டு போனார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இதுல உள்ள காய் இருக்குதே!"

"ஆமா சார். அந்தப் பக்கம் இருக்கறதுதான் ஆண் பூ. அதுல இல்ல."

"இருந்து இன்னா பண்றது? உதிருதேம்மா."

"வெயிலுக்கு உதிருது சார். மழை வந்தா நிக்கும்னு தோணுது. ஒரு மாசம் குடுங்க. நிக்கலேன்னா நானே வெட்டிடுறேன்."

இவ்வளவு நீளமாக நான் பேசியதைக் கேட்டு அக்கா கரண்டியைக் கீழே போட்டுவிட்டார். தலைமை ஆசிரியர் தட்டை என்னிடமே கொடுத்தார். "ஆடி முடியட்டும்" என்றார். வெட்டிய மரத்தின் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஆடியில் நாலைந்து நாள் மழை விட்டு விட்டுப் பெய்தது. அதற்குப் பிறகு பூத்தது உதிரவில்லை. ஒரு காலையில் இலை மறைவில் சுண்டு விரல் அளவு நீளக் காய் ஒன்றைப் பார்த்தேன். பக்கத்தில் இன்னொன்று. பெண் மரத்துக் காய் உருண்டை, இது நீளம். அக்காவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினேன். "அடி ஊமச்சி!" என்று அவர் என் முதுகில் வைத்த அடி இரண்டு நாள் வலித்தது.

விஷயம் தெரிந்து ஜரிகைக்கடை பாய், நான் பத்திரமாக வைத்திருந்த பாக்கெட்டை வாங்கிப் போய், அதில் இருந்த எழுத்தை யாரிடமோ முழுவதும் படிக்கச் சொல்லிக் கேட்டுவந்து சொன்னார். இந்த ரகத்தில் சில மரம் பெண்ணாகவும், சில மரம் ஒரே பூவில் ஆணும் பெண்ணுமாகவும் வருமாம். அந்த மஞ்சள் தூள்தான் பெண் மரமும் நன்றாகக் காய்க்க வழி செய்கிறதாம். மூன்றையும் வெட்டியிருந்தால் மிச்ச இரண்டும் பிறகு சரியாகக் காய்த்திருக்குமோ என்னவோ.

மார்கழியில் உருண்டைப் பழங்களோடு நீளப் பழங்களும் பழுத்தன. ஒன்றை அறுத்தபோது உள்ளே செங்கல் நிறம். கூடம் முழுக்க இனிப்பு வாசனை. முதல் தடவை எல்லாப் பிள்ளைகளுக்கும் வரும்படி மெல்லிசாக நறுக்கினேன். தட்டில் சாம்பார் படாமல் ஓரமாகத் தள்ளி வைத்து, கடைசியில் சாப்பிட்டவர்கள்தான் அதிகம். தோலை வழித்துக்கொண்டே "நாளைக்கும் உண்டா?" என்று கேட்டார்கள். அன்று காலைப் பிரார்த்தனையில் தலைமை ஆசிரியர், அந்த மரங்களை வெட்டச் சொன்னது தான்தான் என்றும், காப்பாற்றியது யார் என்றும் எல்லார் முன்னாலும் சொன்னார். பிள்ளைகள் கை தட்டினார்கள். நான் சமையல் கூடக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். வெளியே வரத்தான் கால் வரவில்லை. ஆனால் அழவில்லை, தலையைக் குனியவும் இல்லை.

பொங்கல் விடுமுறையில் அவர் தன் தோட்டத்துக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினார். புதிதாக வைத்த பப்பாளிகள் பூத்திருந்தன. வீட்டு ஆட்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு நிற்க, "எத வைக்கலாம், எத எடுக்கலாம், நீ பாத்து சொல்லும்மா" என்றார். ஒவ்வொரு மரத்திலும் பூவைப் பறித்துக் கீறிப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கிற குரலில் சொன்னேன்.

இன்றைக்கும் நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. ஆனால் அந்தப் பள்ளியில் நான்கு குட்டைப் பப்பாளிகள் காய்த்துக் குலுங்கியது என் கையால் என்று யாரிடமும் பெருமையாகச் சொல்வேன். ஐந்தாவது ஏன் இல்லை என்று கேட்டால், பார்க்காமல் வெட்டியதும் இதே கைதான் என்று சொல்ல எனக்கு இப்போது கூச்சமில்லை.