கீரை வேகவைத்த தண்ணீர்

மாசானம் வேலை முடிந்து வந்தால் நேரே வீட்டுக்குள் நுழைய மாட்டார். வாசலிலேயே நின்று சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டு வெல்லத்தை எடுத்து வாயில் போட்டு மென்று முடித்த பிறகுதான் செருப்பைக் கழற்றுவார். தாராவியில் பங்கார் பட்டறைகளில், அதாவது பழைய சாமான் பட்டறைகளில், வேலை செய்கிற பலருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. தொண்டையில் படிந்த தூசியை வெல்லம் இறக்கிவிடும் என்று சேட்டுகளே சாயங்காலம் ஆளுக்கொரு துண்டு கொடுப்பார்கள். அதன்பின் மாசானம் அறை மூலையில் தண்ணீர் புழங்கக் கட்டிய மோரியில் குந்திக் கை நீட்டுவார். அவர் மனைவி சண்முகவடிவு செம்பில் தண்ணீர் ஊற்றுவாள். ஊற்றும்போது அவள் கண் கீழே ஓடுகிற தண்ணீரின் மேலேயே இருக்கும். ஒரு நாள் நீலமாக ஓடும். ஒரு நாள் காவியாக. சில நாள் நிறமே இல்லாமல் எண்ணெய் மினுக்கம் மட்டும் இருக்கும். இருபத்திரண்டு வருஷம் அவள் அப்படிப் பார்த்திருக்கிறாள்.

பெயின்ட் டப்பாக்களையும் மருந்து டிரம்களையும் சுரண்டி, தின்னர் விட்டுத் துடைத்து, மறுபடி விற்கிற மாதிரி ஆக்குவது அவர் வேலை. கையிலேயே இவ்வளவு ஒட்டினால் வயிற்றுக்குள் எவ்வளவு போயிருக்கும் என்று சண்முகவடிவு நினைப்பாள். நினைத்ததை யாரிடமும் சொல்ல மாட்டாள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள், தெருக்குழாயில் நாலு பேர் நின்றால் ஐந்தாவது ஆளாகத் தள்ளி நிற்பவள். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அவளுக்குச் சந்தேகமே கிடையாது. உள்ளே போன நஞ்சைச் சாப்பாட்டால் வெளியே கொண்டுவந்துவிடலாம்.

அதற்காக ஞாயிற்றுக்கிழமைதோறும் மாட்டுங்கா மார்க்கெட்டுக்கு நடந்தே போவாள். நம்ம ஊர்க் கீரை அங்கேதான் கிடைக்கும். திங்கள் முருங்கைக்கீரை, செவ்வாய் வாழைத்தண்டு, புதன் மணத்தக்காளி. வியாழன் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுப்பாள். ஞாயிறு இளநீர். பக்கத்து வீட்டு மதீனா பீவி அதைப் பார்த்துச் சிரிப்பாள்.

"ஏளா வடிவு, நீ கட்டுனது புருசனயா, ஆட்டுக்கெடாவயா? ஒரே தழையா போட்டு வளக்கியே!"

"போங்கக்கா. ஆடு பெயின்ட் டப்பா கழுவுதா?"

"அதுஞ்சரிதான். எங்க வீட்டு மனுசனுக்கும் ரெண்டு கை தழை தா. பீடிப் புகை இறங்குதான்னு பாப்போம்."

மதீனா பீவி கிண்டலாகச் சொன்னாலும் சண்முகவடிவுக்கு உள்ளுக்குள் பெருமையாக இருக்கும். மாசானத்தோடு வேலைக்குச் சேர்ந்தவர்களில் இரண்டு பேர் இருமி இருமியே ஊருக்குப் போய்விட்டார்கள். மாசானம் ஒரு நாள் கூட லீவு போட்டதில்லை.

போன வருஷம் மழைக்கு முன்னால் அவர் கால் வீங்கத் தொடங்கியது. கேட்டால், "நின்னுக்கிட்டே பாக்க வேலைல்லா" என்றார். முகம் ஊதியது. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். நஞ்சு இறங்காமல் நிற்கிறது என்று சண்முகவடிவு முடிவு செய்தாள். வாழைத்தண்டுச் சாறு தினமும் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை இளநீர் ஒன்றுக்கு இரண்டாயிற்று. ஒரு நாள் அவர் கீரையைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளி, "கொஞ்சமா வையி" என்றார். அவள் முகம் வாடியதைப் பார்த்துவிட்டு, தள்ளியதைத் திரும்ப இழுத்துத் தின்றார்.

ஆவணியில் ஒரு காலை மோரியில் பல் தேய்க்கக் குந்தியவரால் எழுந்திருக்க முடியவில்லை.

"வடிவு, காலு எங்க இருக்குன்னே தெரியல."

மகள் உமாமகேஸ்வரி செம்பூரில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். அன்று கடைக்குப் போகாமல் டாக்சி பிடித்து வந்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்தார்கள், நெஞ்சில் ஒயர் ஒட்டினார்கள், ஓடினார்கள். இரண்டு கிட்னியும் சுருங்கிவிட்டன, உப்புச் சத்து ஒன்று இரத்தத்தில் ஏறி நெஞ்சை நிறுத்தப் பார்த்தது என்று உமா தாயிடம் சொன்னாள்.

மூன்றாம் நாள் சாப்பாட்டு விவரம் கேட்கிற அம்மாள் ஒருத்தி வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, வீட்டில் என்ன கொடுப்பீர்கள் என்று ஹிந்தியில் கேட்டாள். வேற்று ஆளிடம் வாய் திறக்காத சண்முகவடிவு அன்று விரலை மடக்கி மடக்கி எல்லாவற்றையும் சொன்னாள். உமா ஒவ்வொன்றாக ஹிந்தியில் சொல்ல, அந்த அம்மாள் எழுதினாள். இளநீர் வந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது.

"உடம்புல சேர்ற அழுக்க எடுக்கது ஈரலும் கிட்னியுந்தானாம்மா. நல்ல சாப்பாடு அதுகளுக்குத் தெம்பு குடுக்குமாம், அவ்வளவுதானாம். கிட்னி படுத்துட்டா, கீரையில இளநீயில இருக்க சத்தே உள்ள தங்கி நஞ்சா ஆயிருமாம்." உமா தாயைப் பார்க்காமல் சொன்னாள். "இவ்வளவு சுருங்க வருசக்கணக்கு ஆகுமாம். முன்னாடி யாரும் சொல்லலையான்னு கேக்காங்க."

மாசானம் மேலே சுற்றுகிற மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மாற்றுத்துணி எடுக்கச் சண்முகவடிவு உமாவோடு வீட்டுக்கு வந்தபோது, அவருடைய சட்டைகளுக்கு அடியில் நாலாக மடித்த ஒரு காகிதம் இருந்தது. எழுத்து எதுவும் அவளுக்குப் புரியவில்லை. படம் புரிந்தது. கீரைக்கட்டு, வாழைப்பழம், தக்காளி, தேங்காய், எல்லாவற்றின் மேலும் சிவப்பில் குறுக்குக் கோடு. வரிசையில் கடைசியாக வெல்லம். ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டு, பதினாலு மாசத்துக்கு முந்தின தேதி என்று உமா படித்துச் சொன்னாள். அந்தப் பதினாலு மாசமும் அவர் சாயங்காலம் வாசலில் நின்று வெல்லம் மென்றதைச் சண்முகவடிவு பார்த்திருக்கிறாள்.

காகிதத்தைக் கொண்டுபோய் அவர் மடியில் வைத்தாள்.

"இது என்னது?"

"காட்டுனா நீ வேலைக்கு விடமாட்டியேட்டி. சேட்டும் வேற ஆளைப் போட்டுருவான்."

"வேலை கெடக்கட்டும். இளநீ கூடாதுன்னு படம் போட்டிருக்கு. வாராவாரம் ரெண்டு குடிச்சியளே, எதுக்கு?"

"நீ வெட்டி நீட்டுத. வேண்டாம்னா ஏன்னு கேப்ப." காகிதத்தை மறுபடி நாலாக மடித்தார். "நெசமாவே அதுல சரியாயிருமோன்னும் நெனச்சேன்."

அவள் அழவில்லை. வெளியே வராந்தாவில் அந்தச் சாப்பாட்டு அம்மாள் போவதைப் பார்த்து, உமாவை இழுத்துக்கொண்டு பின்னால் ஓடினாள்.

"நானா கெடுத்தேன்னு கேளு."

அந்த அம்மாள் நின்று, சண்முகவடிவின் தோளில் கை வைத்து நிதானமாகப் பேசினாள். நீளமாகவே பேசினாள்.

"கிட்னிய நீங்க கெடுக்கலையாம், அம்மா" என்றாள் உமா.

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

அந்த அம்மாள் பேசியது அதைவிட மூன்று மடங்கு இருக்கும் என்று சண்முகவடிவுக்குத் தெரியும். மகளின் முகத்தைப் பார்த்தாள். மேற்கொண்டு கேட்கவில்லை.

இப்போது மாசானம் செவ்வாயும் வெள்ளியும் மெஷினில் படுத்து இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருகிறார். நாளெல்லாம் சேர்த்து அவருக்கு ஒரு பாட்டில் தண்ணீர். அதை அளந்து கொடுப்பது அவள் பொறுப்பு. தாகம் தாங்காமல் சில நேரம் கெட்ட வார்த்தையில் திட்டுவார். காய்கறியைப் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துவிட்டுத்தான் தாளிக்கிறாள். சுரைக்காய், கோவைக்காய், முட்டையின் வெள்ளை, சோறு. மாதத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் கீரை கேட்பார். இரண்டு தரம் வேகவைத்துப் பிழிந்து இரண்டு கரண்டி வைப்பாள். வடித்த தண்ணீர் பச்சையாக மோரியில் ஓடும். அதையும் மறைகிற வரைக்கும் பார்ப்பாள். சத்தெல்லாம் சாக்கடைக்குப் போகிறதே என்று மதீனா பீவி ஒரு தடவை சொல்லிவிட்டு, உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பட்டறையில் வேறு ஆள் சேர்ந்தாயிற்று. சண்முகவடிவு மாட்டுங்காவில் ஒரு வீட்டில் சமையல் வேலைக்குப் போகிறாள். அங்கே வாரத்தில் மூன்று நாள் கீரை. கிட்னி கொடுக்க உமா தயாராக இருந்தாள், இரத்தம் சேரவில்லை. மாற்றுக் கிட்னிக்குப் பெயர் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இன்னும் கூப்பிடவில்லை.